துருத்தியும் நாக்கும்: ஓர் ஆர்மோனியப் பெட்டியைச் சீர்செய்வது குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழ்நாட்டில் பாடுகிற யாரிடமும் 'உங்க சுருதி என்ன?' என்று கேட்டால் 'ஒரு கட்டை', 'ஒன்றரைக் கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்றுதான் பதில் வரும். சபா மேடையில் உட்கார்ந்திருக்கும் வித்வானும் இப்படித்தான் சொல்வார். எங்கள் பக்கத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுப் பாடும் புலவரும் இப்படித்தான் சொல்வார். இந்தக் கட்டை எது? ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்தது இரண்டு, இடையில் இருக்கும் கறுப்புக் கட்டை ஒன்றரை. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. ஆகவே தமிழில் மூன்றரைக் கட்டைச் சுருதி என்று ஒன்று கிடையாது. ஏழரையும் கிடையாது (அது சனிக்கு மட்டும்தான்).

ஆர்மோனியம் நம் இசைக்கு ஆகாத கருவி என்று தள்ளியவர்களும் அதன் கட்டையைக் கொண்டுதான் தங்கள் குரலை அளக்கிறார்கள். அளவுகோலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு கருவியைத் திண்ணையில் நிறுத்தியிருக்கிறோம். ஒரு பழைய பெட்டியைச் சீர்செய்யலாமா, விற்றுவிடலாமா, அப்படியே போட்டுவைக்கலாமா என்ற கேள்வியை எழுதப் புகுந்தவன் இதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 'இது செலவுக்குத் தகுமா?' என்று ஒரு பொருளைப் பார்த்துக் கேட்கும்போது நாம் மரத்தையும் தோலையும் மட்டும் எடைபோடுவதில்லை. அதன்மீது ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும் தீர்ப்புகளையும் சேர்த்தே எடைபோடுகிறோம்.

ஐரோப்பியக் குடும்பங்களில் இந்தக் கேள்வி பியானோவைச் சுற்றி எழும். பாட்டி வாசித்த பியானோவைப் பழுது பார்ப்பதா, தூக்கிப் போடுவதா என்பது அங்கே ஒரு வீட்டுப் பிரச்சினை. நம்மிடம் பியானோ இருந்த வீடுகள் குறைவு: மிஷன் பங்களாக்கள், சில ஜமீன் மாளிகைகள், சென்னையிலும் மலைவாசத் தலங்களிலும் சில பணக்கார வீடுகள். எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு குடும்பம் தலைமுறை தாண்டிக் கைமாற்றிய கட்டைக் கருவி என்றால் அது ஆர்மோனியம்தான். 'பெட்டி' என்றாலே அதுதான். 'பெட்டி வாசிக்கிறவர்' என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

2

1842இல் பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற கருவி இது. மிஷனரிகளோடும் கம்பெனி அதிகாரிகளின் குடும்பங்களோடும் இந்தியாவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் போன்றவர்கள் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி இழுத்து மறு கையால் வாசிக்கும்படி அதன் உருவத்தையே மாற்றினார்கள். பார்சி நாடகக் கம்பெனிகளின் வழியாகத் தமிழ் நாடக மேடைக்கு வந்து, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்திலேயே அங்கு நிலைத்துவிட்டது. செங்கோட்டை கிட்டப்பாவின் மேடையில் அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்ததைப் பற்றி நாடகக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

மேடையில் இருந்தது பெரும்பாலும் கால்பெட்டி. காலால் மிதிப்பது, ஆகவே இரண்டு கையும் வாசிக்க ஓய்வாக இருக்கும். மைக் வராத காலத்தில் பந்தலின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்றால் அந்த அளவு காற்று வேண்டும்.

இந்தக் கருவிக்கு எதிரான வழக்கும் கூடவே வளர்ந்தது. ஆனந்த குமாரசாமி எதிர்த்தார். 1914இல் இந்திய இசை பற்றிப் புத்தகம் எழுதிய ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் எதிர்த்தார். தில்லி வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவைக் கவனித்துவந்த ஜான் ஃபோல்ட்ஸ் 1938இல் வானொலியின் பத்திரிகையிலேயே இதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். 1940 ஜனவரியில் தாகூர் கல்கத்தா வானொலிக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தது; 1971இல்தான் தடை தளர்ந்தது. முப்பத்தொரு வருஷம்.

எதிர்ப்பில் இசைக் காரணங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் ஆர்மோனியத்தால் வழுக்கிப் போக முடியாது. கமகம் அதற்குக் கிடையாது. பன்னிரண்டு சுரத்தானங்களும் முன்கூட்டியே அடித்து வைக்கப்பட்டவை. இவை உண்மை. ஆனால் இந்தச் சுருதிப் பிரச்சினையில் ஒரே கட்சிதான் இருந்தது என்பது பொய். எங்கள் வட்டாரத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான அரைச்சுரங்களாகவும் இருபத்துநான்கு சுருதிகளாகவும் பிரிப்பதே பழந்தமிழ் முறை என்று கணக்குப் போட்டு வாதிட்டார். 1916இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டுக்கே போய் இருபத்திரண்டு சுருதிக்காரர்களோடு மோதினார். அவர் வாதம் சரியா தப்பா என்பது தனி விவகாரம். 'நம் சுருதி' எது என்பதே அன்று தீர்ப்பாகாத வழக்கு என்பதுதான் இங்கே முக்கியம். தீர்ப்பாகாத வழக்கில் ஒரு கட்சியின் வாதத்தை அரசு நிறுவனம் ஒன்று ஆணையாக்கியது. ஐரோப்பிய அதிகாரியும் தேசிய மேட்டிமையும் 'தூய இந்திய இசை' என்ற ஒரே சொல்லாடலுக்குள் கைகோத்துக்கொண்ட அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

அதே 1940ஆம் வருஷத்தின் கடைசி நாளில் சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்' நடந்துகொண்டிருக்கும்போது, முருகன் வேஷத்தில் மேடையிலேயே செத்துப்போனார் விசுவநாததாஸ். சிவகாசிக்காரர். நாவிதர் குலத்தில் பிறந்தார் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. தேசியப் பாட்டைப் பாடினார் என்பதற்காக அவரைப் பிடித்து உள்ளே போட்ட போலீசும் உண்டு. அவர் குரலுக்குச் சுருதி பிடித்துக் கூடவே போனது வானொலிக்குள் நுழையக் கூடாத இந்தப் பெட்டிதான். பிற்பாடு 1950களிலும் 60களிலும் பாவலர் வரதராசன் சகோதரர்களோடு கம்யூனிஸ்ட் மேடைகளுக்குப் போனதும் இதுதான். எந்த இசை 'நம்முடையது' என்று ஒரு பக்கம் ஆணை போய்க்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஜனங்கள் விடியவிடிய உட்கார்ந்து கேட்டது வேறாக இருந்தது.

3

இனி எங்கள் பெட்டி.

மேலநீலிதநல்லூரில் என் தாயார் வீட்டில் இருக்கிறது. அம்மாவைப் பெற்ற தாத்தா ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பெட்டி வாசித்தவர். ஸ்பெஷல் நாடகம் என்பதை இன்று விளக்க வேண்டியிருக்கிறது. கம்பெனி நாடகம் போல ஒரு குழு சேர்ந்து ஒத்திகை பார்த்து ஊர் ஊராகப் போவது இல்லை இது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் பபூன் வேறோர் ஊரிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். பலபேர் அன்றைக்கு ராத்திரிதான் முதல்முதலாகச் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும்: வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா. மேடையின் ஓரத்தில் பெட்டிக்காரர், மிருதங்கக்காரர், ஆல்ரவுண்டுக்காரர். யார் எந்தச் சுருதியில் எடுப்பார், எந்த இடத்தில் பாட்டை விட்டு வசனத்துக்குத் தாவுவார் என்று கணித்து, இழுத்துப் பிடித்து ராத்திரியை விடியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெட்டிக்காரர் வேலை.

தாத்தா காலமான பிறகு பெட்டி அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் இருட்டறைக்குப் போயிற்று. காரணம் வெறும் இடநெருக்கடி என்று சொன்னால் அது பாதி உண்மை. வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம். 'கூத்தாடி குடும்பம்' என்ற சொல் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது. பெட்டியின்மேல் சாக்கை விரித்து, சாக்கின்மேல் நெல் குலுக்கையின் மூடியை வைத்து, அதன்மேல் பழைய பாய்களை அடுக்கினார்கள். பெட்டி இப்படித்தான் தப்பியது என்றும் சொல்லலாம். நடுவீட்டில் இருந்திருந்தால் யாராவது எப்போதோ விற்றிருப்பார்கள்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 'பாரம்பரியம்' விலைபோகிறது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்லிப்போனார். கழுவித் துடைத்து, பாலிஷ் போட்டு, ஏதாவது சொகுசு விடுதியின் வரவேற்பறையில் வைப்பார்களாம். மாமாவுக்குச் சம்மதம்.

"ஏ மருமவனே, இத வச்சு நீ என்ன செய்யப் போற? வீட்ட அடச்சுக்கிட்டுக் கெடக்கு. நாளைக்குக் கரையான் ஏறிச்சுன்னா வெறகுக்குக்கூட ஆவாது."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருடைய மகள் படிப்புக்குக் கட்ட வேண்டிய பணமும் இருக்கிறது. இன்னொரு யோசனை, உறவினர் ஒருவர் சொன்னது: மரத்தை இழைத்து மெருகேற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு கீபோர்டை உள்ளே பொருத்தி நடுவீட்டில் வைத்துவிடலாம், பார்க்கப் பழசு, வாசிக்கப் புதுசு. மூன்றாவது யோசனை, முழுக்கப் 'புதுசாட்டம்' செய்துவிடுவது: புது ரீடு, புதுக் கட்டை, புதுத் துருத்தி.

ஆச்சியிடம் கேட்டேன். எண்பது தாண்டியவள். "பொட்டிக்கு என்னய்யா, நல்லாத்தான இருக்கு. மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்றாள்.

நான் தேடிக்கொண்டிருந்த பாகுபாடு அந்தப் பதிலில் இருந்தது. அது புரிவதற்குக் கருவியின் உள்கட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

4

ஆர்மோனியத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று மூச்சு; மற்றது நாக்கு.

மிதியை அழுத்தினால் கீழ்த்துருத்தி காற்றை மேலே தள்ளுகிறது. மேலே இன்னொரு துருத்தி அந்தக் காற்றைத் தேக்கி ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கிறது. கட்டையை அழுத்தும்போது அதன் மறுமுனையில் உள்ள மூடி திறக்கிறது. தேங்கியிருக்கும் காற்று அந்தத் துளை வழியாக வெளியேறும் அவசரத்தில் பித்தளை நாக்கை அதிரவைக்கிறது. அதுதான் ரீடு. ஒரு பித்தளைச் சட்டத்தில் ஒரு முனை மட்டும் பிணைக்கப்பட்ட மெல்லிய தகடு. நீளமான, கனமான நாக்கு தாழ்ந்து ஒலிக்கும். குட்டை நாக்கு உயர்ந்து ஒலிக்கும். சுருதியை மாற்ற நாக்கைச் சுரண்டுவார்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் இறங்கும். ஒருமுறை சுரண்டிய பித்தளை திரும்ப ஒட்டாது.

மூச்சுப் பகுதியில் இருப்பவை தோல், துணி, கம்பளி, வச்சிரப்பசை, ஸ்பிரிங். இவை தேயத்தான் வேண்டும், தேய்வதற்காகவே வைக்கப்பட்டவை. தோல் காய்ந்து மடிப்பில் வெடிக்கும், கம்பளியைப் பூச்சி தின்னும், பசை விட்டுப்போகும். வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் பெட்டிக்காரர்கள் இவற்றைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே 'அசல்' என்று ஒன்றைத் தேடுவதில் பொருளில்லை.

இந்த இடத்தில் பியானோவோடு ஒப்பிடுவது உதவும். பியானோவின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து அதன் இரும்புச் சட்டத்தை டன் கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. வாசிக்காமல் மூடி வைத்திருந்தாலும் அந்த இழுவை ஓய்வதில்லை. முறுக்காணிகளைப் பிடித்திருக்கும் மரம் வெயிலில் சுருங்கி மழையில் ஊதி, ஒருநாள் பிடி தளர்ந்துவிடும். அதன்பிறகு சுருதி சேர்த்தாலும் நிற்காது. அந்த மரத்தையும் கம்பியையும் சுத்தியல் கம்பளியையும் மாற்றுகிற செலவு பல சமயம் வேறொரு பியானோ வாங்கும் செலவைத் தாண்டிவிடும். ஆகவே பியானோவைக் கைவிடும் முடிவு பெரும்பாலும் கணக்கு சார்ந்தது. ஆர்மோனியம் அப்படியில்லை. வாசிக்காதபோது அதன் உள்ளே எந்த இழுவையும் இல்லை. ரீடு சும்மா கிடக்கிறது. கரையானும் ஈரமும் எலியும் மட்டும் அண்டாமலிருந்தால் அது தன் சுருதியை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு தூங்கும்.

மதுரையில் பெட்டி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். திறந்து பார்த்தார். பாதி ரீடு பேசவில்லை.

"ரீட எதுக்குத் தம்பி தொடணும்? தூசி அடச்சுக் கெடக்கு. தோலு போச்சு, அம்புட்டுத்தேன்."

ஒரு ரீடைக் கழற்றி, நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையிலிருந்த இழையை மெல்லிய தாளால் எடுத்துவிட்டு வாயில் வைத்து ஊதினார். பேசியது. ஆச்சி சொன்னதையே அவரும் சொன்னார் என்பதைக் கவனித்தேன். மூச்சுதான் போயிருக்கிறது.

5

அவர் ரீடுகளை வரிசையாகத் துணியில் அடுக்கி வைத்தபோது ஒன்று தெரிந்தது. எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பெரும்பாலானவை ஜெர்மன் ரீடு. நடுநடுவே குஜராத்தின் பாலிதானாவில் செய்யப்படும் நாட்டு ரீடுகள், உடைந்துபோனவற்றின் இடத்தில் பின்னால் போட்டவை. பல நாக்குகளில் அரக் கீறல்கள், சிலவற்றில் இரண்டு மூன்று தடவை சுரண்டிய தடம்.

தமிழ் படித்தவனுக்கு இது எங்கோ பார்த்த காட்சி. பல கைகள் எழுதிய ஏடு. சிதைந்த இடத்தில் பின்னால் வந்தவன் போட்ட இடைச்செருகல். ஊருக்கு ஊர் பாடபேதம். பதிப்பாசிரியனுக்கு முன்னால் இருக்கும் அதே கேள்விதான் பழுதுபார்ப்பவன் முன்னாலும் இருக்கிறது. 'மூலபாடம்' என்று ஒன்றைக் கற்பித்து, மற்ற எல்லாக் கைகளையும் அழித்துவிட்டு அச்சேற்றுவதா? இல்லை, கைகளின் தடத்தை வைத்துக்கொண்டே வாசிக்கத் தருவதா?

ஐரோப்பாவில் இந்தச் சண்டை கட்டடங்களை முன்வைத்து நடந்தது. பிரான்ஸின் வியோலெ-லெ-டுக், ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றால் அது எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமைக்குக்கூட அதைக் கொண்டுபோகலாம் என்று கருதினார். இங்கிலாந்தின் ரஸ்கின், 1849இல் எழுதிய புத்தகத்தில், அப்படிப் புதுப்பிப்பது அழிவிலேயே மோசமான அழிவு என்ற நிலையை எடுத்தார். நம்மிடம் இந்தச் சண்டை புத்தகமாக நடக்கவில்லை, செயலாக நடந்துகொண்டிருக்கிறது. கும்பாபிஷேகத்துக்காகக் கோயில் சுவரில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போனதை நாம் பார்த்திருக்கிறோம். செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. சுவர் 'பளிச்'சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

எங்கள் பகுதியிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் கரிவலம்வந்தநல்லூர். அங்கே கோயிலில் பாண்டியர் சேர்த்துவைத்த ஏட்டுச்சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் தேடிப் போன கதை 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. பழைய ஏடுகளை என்ன செய்ய வேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறதோ அதன்படி, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்குப் பதில் கிடைத்தது. அலட்சியத்தால் அழிந்த ஏடுகள் ஆயிரம். இவை மரியாதையால் அழிந்தவை. பெட்டியை விடுதிக்கு விற்பதையும் மெருகேற்றி நடுவீட்டில் வைப்பதையும் பற்றி யோசிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த நெய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஏனென்றால் பெட்டியின் மேல்மூடிக்கு அடிப்புறத்தில் தாத்தாவின் எழுத்து இருக்கிறது. காப்பியிங் பென்சிலால் எழுதியது. ஊர்ப்பெயர், நாடகம், வேஷம், கட்டை. ஓர் ஊர் வள்ளிக்கு ஐந்தரை. இன்னோர் ஊர் வள்ளிக்கு ஐந்து. ஒரு முருகனுக்கு நான்கரை. அதை அடித்துவிட்டு நான்கு (வயதாகியிருக்க வேண்டும்). பவளக்கொடி ஒருத்தியின் பெயருக்கு நேரே இரண்டு சுருதிகள்: நடுச்சாமத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஒத்திகையே இல்லாத நாடக மரபில் இந்த மூடிதான் ஒத்திகை. பெரும்பாலும் பெண்கள். நாடக வரலாறுகள் எவற்றிலும் இவர்கள் பெயரை நான் பார்த்ததில்லை. இசைத்தட்டில் பாடியவர்கள் இல்லை. வானொலி இவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. எந்த உயரத்தில் இவர்களுடைய குரல் நின்றது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியம் இந்தப் பலகை. ரீடுகளில் உள்ள அரக் கீறல்கள் அதற்கு உரை மாதிரி.

பாலிஷ் போடுவதற்கு முதல் வேலை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. மூடியின் உள்பக்கத்தையும் சேர்த்துத் தேய்த்தால்தான் நிறம் ஒன்றாக வரும்.

ஒரு தலைமுறை இந்தப் பெட்டியைப் பாய்க்கு அடியில் மறைத்தது, நாடகக்காரக் குடும்பம் என்று தெரியக் கூடாது என்பதற்காக. அடுத்த தலைமுறை அதை மெருகேற்றி நடுவீட்டில் வைக்க விரும்புகிறது, 'பாரம்பரியமிக்க' குடும்பம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. இரண்டிலும் காணாமல் போவது ஒரே ஆட்கள்தான்.

6

அப்படியானால் தொடாமல் கண்ணாடிக்குள் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் சரியில்லை. வாசிக்காத கருவி ஒரு மரச்சாமான். மூடியில் 'ஐந்தரை' என்று எழுதியிருப்பதைப் படிக்கலாம். அந்தப் பெட்டியின் ஐந்தரை எங்கே நிற்கிறது என்பதைக் காற்று போனால்தான் கேட்கலாம்.

இது வெறும் பேச்சு இல்லை. 1859இல் பிரெஞ்சு அரசு தன் நாட்டுக்கு ஒரு பொதுச் சுருதியை வகுத்தது: நம் கணக்கில் ஆறாவது கட்டைக்கு வினாடிக்கு 435 அதிர்வு. 1939இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்று வைத்தது. இன்றைய கீபோர்டுகள் 440இல் வருகின்றன. எங்கள் பெட்டி 435க்குப் பக்கத்தில் நிற்கிறது. வித்தியாசம் ஓர் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்டால் சின்னது, இரண்டையும் சேர்த்து வாசித்தால் வினாடிக்கு ஐந்து தடவை அலை அடித்து ஊளையிடும். இன்றைய நாடக மேடையில் கீபோர்டு இல்லாமல் செட் கிடையாது. பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடுகிற வசதியை எந்தக் கலைஞர் வேண்டாம் என்பார்? அவர்கள் பிழைப்பு அது. அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த மேடையில் இந்தப் பெட்டி ஏற வேண்டும் என்றால் ரீடு அத்தனையையும் நுனியில் சுரண்டி 440க்கு ஏற்ற வேண்டும் என்கிறார்கள். ஏற்றலாம். ஏற்றிவிட்டால் அந்தப் பெண்களின் ஐந்தரை போய்விடும்.

இதற்கு வழி பெரியவர்தான் சொன்னார். மிருதங்கத்தைப் பெட்டிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பாடுகிற தொண்டை எங்கேயும் சேரும். கீபோர்டிலேயே சுருதியை நூலளவு ஏற்றி இறக்க வசதி இருக்கிறது; அதை 435க்கு இறக்கினால் போதும். புதுசு பழசுக்கு இறங்கி வரலாம். பழசுதான் ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நாங்கள் எடுத்த முடிவை இங்கே எழுதுகிறேன். இதேபோல் வீட்டில் பெட்டியோ தவிலோ வில்லோ வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்குப் பயன்படலாம்.

முதலாவது, எதையும் தொடுவதற்கு முன்னால் மூடியை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்தோம். எழுதியிருப்பதை அப்படியே, அடித்தல் திருத்தலோடு படியெடுத்தோம். ஒவ்வொரு ரீடும் எந்த வகை, எத்தனை தடம் என்று நோட்டில் குறித்தோம். பேசுகிற ரீடுகளை வாயால் ஊதி ஒலிப்பதிவு செய்தோம். (வாயால் ஊதும்போது சுருதி கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும், துருத்தி ஓடிய பிறகு மறுபடி பதிய வேண்டும்.)

இரண்டாவது, மூச்சுப் பகுதி முழுவதையும் புதுப்பிப்பது. தோல், துணி, கம்பளி எல்லாம் புதுசு. ஆனால் ஒட்டுவதற்கு வச்சிரம்தான், ஃபெவிகால் வேண்டாம். வச்சிரம் வெந்நீருக்கு இளகும். நாளைக்கு இன்னொருவன் மரத்தைப் புண்படுத்தாமல் பிரிக்கலாம். நமக்குப் பின்னால் வருகிறவன் நம்மைத் திருத்துவதற்கு இடம் வைத்துவிட்டுப் போவது ஒரு நல்ல பதிப்பாசிரியனின் குணம்.

மூன்றாவது, நாக்கைச் சுரண்டுவதில்லை. தூசி எடுப்பது, கோணியதை நிமிர்த்துவது, அத்தோடு சரி. உடைந்துபோன இரண்டுக்கு மட்டும் பாலிதானா ரீடு. உடைந்தவற்றை உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைப்பது. கலப்புக் கலப்பாகவே இருக்கட்டும்.

நான்காவது, பாலிஷ் கிடையாது. கரையானுக்கு மருந்து உண்டு.

ஐந்தாவது, எல்லாவற்றையும்விடச் சிக்கலானது: யார் வாசிப்பது? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. மாமாவிடம் நான் சொன்னது இதுதான்: வாசிக்கிறவர் ஒருவர் கிடைத்தால் மட்டும் செலவு செய்வோம், கிடைக்காவிட்டால் படியெடுத்ததோடு நிறுத்திக்கொண்டு, விற்பதைப் பற்றி மறுபடி பேசுவோம். பழுதுபார்த்துவிட்டு வாசிக்காமல் வைத்தால் புதுத்தோலும் சில வருஷத்தில் வெடித்துவிடும். துருத்திக்கு உடற்பயிற்சி வேண்டும். மாமா யோசித்தார். "அப்போ எம் மவ பீசுக்கு?" என்று கேட்டார். பழம்பொருள்காரர் சொன்ன தொகையில் பாதியை நானும் என் தம்பியும் தவணையாகக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். பாரம்பரியத்தைப் பற்றிய பேச்சில் யார் கையிலிருந்து பணம் போகிறது என்பதையும் சேர்த்துப் பேசாவிட்டால் அது ஏழை உறவினரின் செலவில் நடத்தும் ரசனையாகிவிடும்.

கோவில்பட்டிப் பக்கத்தில் நாடகத்துக்குப் பெட்டி வாசித்து இப்போது கீபோர்டு வாசிக்கிற ஒருவர் வந்து பார்த்தார். மூடியின் எழுத்தைப் படித்தார். இரண்டு பெயர்களைத் தெரியும் என்றார். ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்றார். பெட்டி ஆறு மாதம் அவரிடமும் ஆறு மாதம் எங்கள் வீட்டிலும் இருப்பது என்று ஏற்பாடு. துருத்தி வேலை மதுரையில் நடந்துகொண்டிருக்கிறது. மூடி மட்டும் எங்களிடம் இருக்கிறது, அதை அனுப்பவில்லை. அந்த அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். பெட்டி வந்ததும் எடுத்துக்கொண்டு போவதா, முதலில் மூடியை மட்டும் கொண்டுபோய்க் காட்டுவதா என்று வீட்டில் இப்போது பேச்சு நடக்கிறது.